தன்னைத் தள்ளிய விதி

மாலை ரயில் ஆம்பூரைத் தாண்டியதும், மடிக்கணினிப் பை வைத்திருந்த பெண், ஷூ கம்பெனி அடையாள அட்டை தொங்கிய தோழியிடம், "என்னைத் தள்ளின ரூலை நானேதான்க்கா டைப் பண்ணேன்" என்றாள். எட்டுப் பேருக்கான இடத்தில் பதினொரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். காதைப் பொத்திக்கொள்ளக்கூட என் கை அசையவில்லை.

"இன்னாடி சொல்ற?"

"கவர்மெண்ட்டு கம்ப்யூட்டர் வேலைக்கு டெண்டர் கண்டிஷன் எழுத மெட்ராஸ் கன்சல்டன்ட் ஒருத்தரை வெச்சாங்க. அவரு அதை எங்கிட்ட தள்ளிட்டாரு. 'சொந்தப் பேர்ல மூணு கவர்மெண்ட் வேலை முடிச்சிருக்கணும்'னு சேர்க்கச் சொன்னாரு, சேர்த்தேன். இப்போ நான் டெண்டர் போட்டா, அந்த ரூலைக் காட்டித் தள்ளிட்டாங்க."

"நீ அஞ்சு முடிச்சிருக்கியே!"

"எல்லாம் பெரிய கம்பெனிங்க பேர்லக்கா. நான் சப் கான்ட்ராக்ட்."

"எங்க ஷூ கதைதான். தைக்கிறது நாங்க, முத்திரை வெளிநாட்டுக்காரன்து. டைப் பண்றப்போ உறைக்கலையா உனக்கு?"

"எழுத்து சைஸ் சரியா இருக்கான்னுதான் பார்த்தேன்."

தோழி சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

"டெண்டர் யாருக்குப் போச்சு?"

"மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுக்கு. நேத்து போன் பண்ணாங்க. அவங்ககிட்ட செய்ய ஆள் இல்லையாம், என்னையே செஞ்சு குடுக்கச் சொல்றாங்க."

"மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்லிடு!"

காட்பாடி வந்தது. தோழி எழுந்து, கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"ஊரு வந்தாச்சு, நீ இறங்கல?"

"மெட்ராஸ் போறேன்க்கா. காலைல அவங்க ஆபீஸ்ல கையெழுத்து போடணும்."