ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

பழைய கம்ப்யூட்டரில் நெட் நின்றுபோனால் எல்லோரும் முதலில் வயரைத்தான் திட்டுவார்கள். அடுத்து லைன் கொடுத்த கம்பெனியைத் திட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டும் பாவம், ஒன்றும் அறியாதவை. குற்றவாளி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வைரஸ் வராமல் காவல் காக்கட்டும் என்று போட்டு வைத்த மென்பொருள், வீட்டுக்காரனையே வெளியே விடாமல் கதவைச் சாத்திவிடும். திரையின் மூலையில் மட்டும் ‘இணைப்பு உள்ளது’ என்று கூசாமல் காட்டிக்கொண்டிருக்கும்.

இதை எதற்கு இவ்வளவு விளக்குகிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். இது புரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது ஐயா. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர். பின்னறையில் அண்ணன். நடுவில் ஒரு சுவர். அவர் பெரிய அலுவலகம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவர்தான். சோறு போட்டார், படிக்க வைத்தார், குத்திக் காட்டினார். மூன்றையும் ஒரே சீராகச் செய்தார். நான் படிப்பைப் பாதியில் விட்டதால் எனக்கு ‘அரைகுறை’ என்று பெயர் வைத்தார். வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: “டேய் அரைகுறை, அந்த ரேடியோவைக் குறைடா.” எனக்குத் தலை நரைத்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. உத்தரவு போடுவார். கேட்பதற்கும் உத்தரவு போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் உத்தியோகத்தில் உங்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்.

பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு முழுசாகப் போய்விட்டது. மறைக்காமல் சொல்கிறேன், வீடு அமைதியாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மனிதர் மாறவில்லை. குரலுக்குப் பதில் விரலைச் சொடுக்கினார். விரலுக்கு அடங்காததை ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

அவருக்கு ஒரே மகள். கடல் தாண்டி வேலை செய்கிறாள். அண்ணி இல்லாத வீடு என்பதால் அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். ஆபரேஷன் சமயத்தில் வந்தவள், அவருடைய பழைய கம்ப்யூட்டரில் பெரிய எழுத்துப் போட்ட கீபோர்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போனாள். நடுங்கும் விரலுக்குப் போன் ஒத்துவராது, அதுதான் ஒத்துவந்தது. கழுத்துத் துளையை மகள் பார்க்கக் கூடாது என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருந்ததால் வீடியோ கிடையாது. மெயில்தான். தினமும் மகளுக்கு எழுதுவார், அவளும் பக்கம் பக்கமாகப் பதில் போடுவாள்.

இன்னொன்றும் செய்து வைத்தாள். அவருக்கு ஏதாவது அவசரம் என்றால் எனக்கு ஒரு மெயில் தட்டினால் போதும், முன்னறையில் என் போன் தனிச் சத்தத்தோடு ஒலிக்கும். “குரல் இல்லாதவருக்கு இதுதான் சித்தப்பா குரல்,” என்றாள். நானும் தலையாட்டினேன்.

ஆரம்பித்தது என் தவறில்தான். அதுவும் சத்தியமாகத் தெரியாமல் நடந்த தவறு. அவருடைய பாதுகாப்பு மென்பொருள் காலாவதியாகி, திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வந்துகொண்டிருந்தது. அண்ணன் அதைக் காட்டி விரலைச் சொடுக்கினார். கடையில் ஆள் காத்திருந்த அவசரத்தில், பழையதை நீக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுவிட்டேன். கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை. மறுநாள் நெட் நின்றுவிட்டது.

அண்ணன் சிலேட்டோடு முன்னறைக்கு வந்தார். ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். சிலேட்டை அவருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக் காட்டினார். ‘நெட் இல்லை. அரைகுறை தொட்ட பிறகு.’

அந்த வாடிக்கையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். அதே லைனில் என் போனில் நெட் வந்தது, ஆகவே லைனில் கோளாறு இல்லை. வயரும் சரி. பாதுகாப்பு மென்பொருள்கள் கிளம்பாத முறையில் கம்ப்யூட்டரைத் துவக்கிப் பார்த்தேன். நெட் ஜம்மென்று ஓடியது. அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டேன். ஒரு வாசலுக்கு இரண்டு காவல்காரர்கள், ஒருவரை ஒருவர் நம்பாமல் யாரையுமே விடாமல் நிற்கிறார்கள். இரண்டையும் நீக்கி, மிச்சம் மீதியைத் துடைத்து, மறுபடி துவக்கினால் தீர்ந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். தம்பி, இதைக் கொஞ்சம் சரி செய்து கொடு என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று நினைத்தேன். அவர் விரலை இரண்டு முறை சொடுக்கி, திரையைச் சுட்டிக்காட்டினார்.

“பார்க்கணும்ணே. பழைய மெஷின். நேரம் எடுக்கும்,” என்று சொல்லி, கம்ப்யூட்டரைப் பழையபடியே துவக்கிவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வயரைக் கழற்றி ஊதி மாட்டுவேன். மோடத்தை அணைத்துப் போடுவேன். உதட்டைப் பிதுக்குவேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று என் வேலையை மேற்பார்வை பார்ப்பார். அவரே எதையாவது நோண்டிவிடக் கூடாது என்று மென்பொருளின் அமைப்புகளுக்கு ஒரு கடவுச்சொல்லும் போட்டேன். பாதுகாப்புக்காகத்தான். நான் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை. வேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன், குழாயில் சளி சேர்ந்தால் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி சுத்தம் செய்தேன். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன், அவ்வளவே.

மகள் எனக்குப் போன் செய்வாள்.

“சித்தப்பா, அப்பா ஏன் பதிலே போட மாட்டேங்கறார்? என்மேல கோபமா?”

“கொஞ்சம் மனசு சரியில்லம்மா. உன்கூட வர அவருக்கு இஷ்டம் இல்ல போல. விடு, நானே சொல்றேன்.”

“கம்ப்யூட்டர் ஏதாவது பிரச்சனையா? வேணா புதுசு ஒண்ணு அனுப்பறேன்.”

“கம்ப்யூட்டர் நல்லாத்தாம்மா இருக்கு. அதைப் பார்த்துக்க நான் இல்லையா?”

இரண்டு வாரம் போனதும் அண்ணன் சிலேட்டில் எழுதினார். ‘அவள் போன் செய்தாளா?’ இது ஒரு கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசாரிப்பது வேறு, கேட்பது வேறு. “அவளுக்கு வேலை ஜாஸ்திண்ணே,” என்றேன். அவர் சிலேட்டை மெதுவாகத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நெட் இல்லாவிட்டாலும் தினமும் கீபோர்டின் முன் உட்கார்ந்து தட்டிக்கொண்டுதான் இருந்தார். வீம்பு என்று நினைத்தேன்.

இனி நீங்கள் கேட்ட அந்த மத்தியானம். அவருக்கு முந்தைய நாளிலிருந்தே இருமல் அதிகம். நான் முன்னறையில் ஒரு டைப்பிங் நிலையத்து அம்மாவின் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தேன். அதே கோளாறு, நம்ப மாட்டீர்கள். ஒரு மெஷினில் இரண்டு பாதுகாப்பு மென்பொருள். அந்த அம்மாவுக்கு நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்னறையில் கீபோர்டு சத்தம் கேட்டது. வழக்கமாக அவர் ஒவ்வொரு எழுத்தாக யோசித்துத் தட்டுவார். அன்று வேகமாகக் கேட்டது. பிறகு மௌஸ் கிளிக். மறுபடி கிளிக். மறுபடி மறுபடி.

“உள்ளே யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே,” என்றார் அந்த அம்மா.

“அண்ணன்தாம்மா. சும்மா தட்டிக்கிட்டிருப்பார்.”

என் போன் ஸ்குரூடிரைவருக்குப் பக்கத்தில் மேசைமேலேயே கிடந்தது. அது ஒலிக்கவில்லை. அது ஏன் ஒலிக்கவில்லை என்று அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தக் கிளிக் எதற்கு என்பதும் தெரியும். ஆம் ஐயா, தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். எழுந்து வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். பின்னறையிலிருந்து முன்னறைக்கு எவ்வளவு தூரம்?

சத்தம் நின்றது. நான் அந்த அம்மாவின் வேலையை முடித்து, நெட் வருவதைக் காட்டி அனுப்பினேன். டீ போட்டுக் குடித்தேன். அப்புறம்தான் உள்ளே போனேன். அண்ணன் கீபோர்டின்மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தார். குழாயைச் சளி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். யாராவது பக்கத்தில் இருந்து சுத்தம் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னார். அதுவும் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலைதான். எனக்குச் செய்யத் தெரியும்.

மகள் வந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு அப்பாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அதில் இருக்கும் பழைய போட்டோக்களைத் தனக்கு அனுப்பிக்கொள்ள வேண்டுமாம். நெட் வரவில்லை.

“நல்லாத்தான் இருக்குன்னீங்களே சித்தப்பா?”

“இப்போ ரெண்டு நாளாத்தாம்மா இப்படி. பழைய மெஷின்.”

அவள் அழுது ஓய்ந்த குரலில், என்னைப் பார்க்காமலே சொன்னாள். “உங்களால முடியலேன்னா விடுங்க. வெளியில ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன். அரைகுறையா எதுவும் செய்ய வேண்டாம்.”

அவள் அந்த வார்த்தையை எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. அண்ணன் மறுபடி எழுந்து வந்து என் முன்னால் நின்ற மாதிரி இருந்தது. “நகரும்மா,” என்றேன். கடவுச்சொல்லை அடித்தேன். புதியதை நீக்கினேன், பழையதை நீக்கினேன், மிச்சத்தைத் துடைத்தேன், மறுபடி துவக்கினேன். என் கை அப்படி ஒரு சுத்தத்தோடு என்றைக்கும் வேலை செய்ததில்லை. அவளும் பார்க்கட்டும் என்றுதான் வேகமாகச் செய்தேன்.

போகாத மெயில் எங்கேயும் காணாமல் போய்விடாது, அப்படியே வரிசையில் காத்துக் கிடக்கும், வழி திறந்ததும் கிளம்பும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக்கூட இது தெரியும். நான் மறந்துவிட்டேன். அண்ணனின் மெயில் மென்பொருள் கம்ப்யூட்டரைத் துவக்கியதும் தானாகத் திறந்துகொள்ளும்.

அவள் கையிலிருந்த போன் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. பிறகு நிற்கவே இல்லை. செத்துப்போன அப்பாவிடமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மெயில் வந்துகொண்டிருந்தது. அவள் நின்றபடி படித்தாள். படிக்கப் படிக்கக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னை மறந்துட்டியாம்மான்னு கேட்டிருக்கார்,” என்றாள். “தினமும் கேட்டிருக்கார்.” பிறகு தலையைத் தூக்கினாள். “இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு சித்தப்பா, இப்போ?”

நான் பதில் சொல்வதற்குள் என் சட்டைப் பையில் போன் ஒலித்தது. அந்தத் தனிச் சத்தம்.

அதற்கப்புறம் அவள் உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் வந்தீர்கள். அவள் சொன்னது எல்லாம் உண்மை, நான் எதையும் மறுக்கவில்லை. வழியை அடைத்தது நான். சத்தம் கேட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தது நான். அவர் சாகட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை ஐயா. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓடிப்போயிருப்பேன்.

என்னிடம் ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. என் போனை நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் அதிலிருப்பது எதையும் அழிக்காமல் திருப்பித் தர வேண்டும். கடைசியாக வந்த அந்த மெயில் எனக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் வேண்டும். ‘தம்பி, கொஞ்சம் வாப்பா. மூச்சு விட முடியல. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.’ அரைகுறை என்று எழுதவில்லை, பாருங்கள். அண்ணன் என்னிடம் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான்.