செவ்வந்தி வைத்த வீடு

— பையைக் கீழை வை, ஞானம். பஸ் வந்தாலும் நீ ஏறேல்லை.

— ஏறுவன், அக்கா.

— ஏறினால் காலை முறிப்பன். பிரான்காச்சோவிலையிருந்து ரெண்டு பஸ் மாறி, அடுப்பிலை கறியைக் குறையிலை விட்டிட்டு ஓடி வாறன். உன்னைக் கூட்டிக்கொண்டு போக வரேல்லை. திரும்ப மேலை அந்த வீட்டுக்கு ஏத்திவிட வந்தனான்.

— ஆர் உங்களைக் கூப்பிட்டது?

— வேறை ஆர்? உன்ர வீட்டுக்காரச் சிஞ்ஞோராதான். ரெலிபோனிலை கத்தின கத்திலை என்ர காது இன்னும் அடைச்சுக்கிடக்கு. “அகஸ்ரீனா, நீ கொண்டுவந்து விட்டவள் என்ர வீட்டைச் செத்தவீடாக்கிப் போட்டாள்” எண்டு. உன்னை உந்த வீட்டிலை சேர்க்க நான் எத்தினை பேரோடை கதைச்சனான்? என்ர சிஞ்ஞோரா அவவின்ர தங்கச்சி எண்டபடியால்தான் நடந்தது. “நல்ல பிள்ளை, கை சுத்தம், வாய் திறவாது” எண்டு சொல்லி விட்டனான். வாய் திறவாது எண்டது மட்டும் சரியாய்ப் போச்சு.

— போகச் சொன்னா. வெளிக்கிட்டிட்டன்.

— போ எண்டால் போறதே? சிஞ்ஞோராமார் மாசத்திலை மூண்டு தரம் போ எண்டுவினம். என்னை ஒருத்தி தும்புத்தடியாலை கலைச்சவ. பின்னேரம் கோப்பி போட ஆளில்லாமல் தானே கூப்பிட்டவ.

— கலைக்கேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்?

— அழுதனான். காலிலை விழுந்தனான். என்ன பிழை விட்டனான் எண்டு இண்டுவரைக்கும் தெரியாது. விழுந்தன், சரிவந்தது. நீயும் விழு.

— மாட்டன்.

— மாட்டாவாம்! மகாராணி!

— சத்தம் போடாதேங்கோ. சனம் பாக்குது.

— பாக்கட்டும். தமிழ் விளங்கினால் வந்து ஞாயம் சொல்லட்டும். எங்கை போறதுக்கு இந்தப் பையோடை நிக்கிறாய்?

— உங்கட வீட்டை.

— என்னைக் கேட்டனியே?

— கேக்கேல்லை.

— நல்லது. சரி, அவ சொன்னதை விடு. நீ சொல்லு. என்ன நடந்தது?

— போன மாச மழைக்கு முன்னறையின்ர சீலிங் விழுந்தது உங்களுக்குத் தெரியும். மூண்டு கிழமையாய் மேசன்மார் நிக்கிறாங்கள். வீடு முழுக்கச் சாரம் கட்டிக் கிடக்கு. கதிரை மேசை எல்லாம் துணி போட்டு மூடியாச்சு. துடைச்சிட்டுத் திரும்ப முதல் பழையபடி சுண்ணாம்பு. கையைப் பாருங்கோ.

— என்ர கையும் அப்பிடித்தான். பூவைச் சொல்லு.

— அவவின்ர மனிசனை இண்டைக்கு, சனிக்கிழமை, ஆசுப்பத்திரியிலையிருந்து கூட்டிக்கொண்டு வாறது. நெஞ்சை வெட்டித் தைச்சு ஒரு மாசம். “வீடு குகை மாதிரிக் கிடக்கு, அவர் இதைப் பாத்தால் திரும்பவும் நெஞ்சு நோகும். தோட்டத்திலை பூ வெட்டி எல்லா அறையிலும் வை, வெளிச்சமாய் இருக்கோணும்” எண்டா. வைச்சன்.

— என்ன பூ?

— ரோசா முடிஞ்சுது. தேலியாவிலை மேசன்மார் சுண்ணாம்புத் தண்ணியை ஊத்திக் கருக்கிப்போட்டாங்கள். மதிலோரம் செவ்வந்தி நிண்டது. வெள்ளை, மஞ்சள், கறுத்தச் சிவப்பு.

— அந்தப் பாத்தியை வெட்டினியோ?

— முழுக்க.

— என்ர மாதாவே.

— பூச்சாடி எல்லாம் பெட்டியிலை கட்டிக் கிடந்தது. மேசன்மாரின்ர பெயின்ற் வாளியளைக் கழுவி எடுத்தன். வாசலிலை வெள்ளை மட்டும். சாரப் பலகையிலை மஞ்சள், வரிசையாய். சாப்பாட்டு மேசையிலை சிவப்பும் மஞ்சளும், உயரமானது நடுவிலை, கட்டையானது சுத்திவர. தண்ணி மணக்காமல் கீழ் இலை எல்லாம் உருவிப்போட்டுத்தான் வைச்சன். கட்டிலடியிலை சின்ன வெள்ளைப் பூ, பால் போத்திலிலை.

— கட்டிலடியிலையுமோ!

— எல்லா அறையிலும் எண்டுதானே சொன்னவ.

— ஞானம், இஞ்சை கேள். இந்த ஊரிலை அது சவக்காலைப் பூ. சவக்காலைக்கு மட்டும்தான். நவம்பர் ரெண்டாம் திகதி, ஆத்துமாக்கள் நாளுக்குக் கல்லறையிலை வைக்கிறது. உயிரோடை இருக்கிற ஒருத்தருக்கு அதிலை ஒரு பூக் குடுத்தாலே நீ செத்துப்போ எண்டு முகத்துக்கு நேரை சொன்ன மாதிரி. அந்தப் பாத்தியே அவ தன்ர தாயின்ர கல்லறைக்கெண்டு வளக்கிறது. நீ என்னெண்டால் நெஞ்சு தைச்ச மனிசன்ர கட்டிலடியிலை கொண்டுபோய் வைச்சிருக்கிறாய்.

— ம்.

— ம் எண்டிறாய்! மேசன்மார் உன்ர வாயையும் சேர்த்துப் பூசிப்போட்டாங்களோ? அந்தாள் என்ன செய்தவர்? மயங்கி விழுந்தவரோ?

— உள்ளுக்கு வந்து சீமெந்து மூட்டையிலை இருந்தார். சுத்திவரப் பாத்தார். “நான் கொஞ்சம் முந்தி வந்திட்டன் போலை கிடக்கு” எண்டார்.

— சிரிச்சவரோ?

— அவர் சிரிச்சவர். சிஞ்ஞோராதான் வாளியைக் காலாலை தட்டினவ.

— அப்ப என்ன! ஆளே சிரிச்சிட்டார். இதைச் சரிக்கட்டலாம். நான் முதல் மேலை போய் அவவோடை கதைச்சிட்டுத்தான் உன்னட்டை வாறன். மன்னிப்புக் கேட்டால் விடுறன் எண்டா. நீ ரெண்டு வசனம் சொன்னால் போதும். “எனக்குத் தெரியாது சிஞ்ஞோரா, எங்கட ஊரிலை இது சாமிக்கு வைக்கிற பூ.” பிறகு எல்லாப் பூவையும் நீயே அள்ளி மேசன்மாரின்ர குப்பைக்குள்ளை போடு. உன்ர வேலைக் கடதாசியிலை கையெழுத்து வைப்பா. எனக்குச் சொன்னவ.

— குப்பையிலை போட மாட்டன்.

— பூவையே சொல்லுறாய்? உனக்கு விசரோ?

— பிழையாய் வைச்சிட்டன் எண்டும் சொல்ல மாட்டன்.

— நான் என்ன பொய்யே சொல்லச் சொல்லுறன்? உங்கட கோயிலிலை செவ்வந்தி மாலைதானே போடுறது?

— ஓம்.

— அதைச் சொல்லு!

— அவவிட்டை ஒண்டும் சொல்ல மாட்டன்.

— கொழுப்பு. வேறை ஒண்டுமில்லை. யாழ்ப்பாணத்துக் கொழுப்பு கடல் தாண்டி வந்தும் கரையேல்லை. நாங்கள் மன்னாரிலையிருந்து வந்து இந்த ஊர்க் கக்கூசு எல்லாம் கழுவேக்கை எங்களுக்கு ரோசம் இருக்கேல்லையோ? திங்கட்கிழமை என்ன நாள்?

— உங்களுக்குத் தெரியும்.

— உன்ர வாயாலை வரட்டும்.

— குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போற நாள்.

— என்னத்துக்கு?

— இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க. அதோடை மனிசனைக் கூப்பிடக் கடதாசி குடுக்க.

— ஆ, மனிசன்! ஞாபகம் இருக்கு அப்ப. விக்னராஜா எண்டு ஒருத்தன் வவுனியா முகாமிலை வெளியாலை போகப் பாஸ் இல்லாமல் குந்திக்கொண்டிருக்கிறான். பெண்சாதி இத்தாலிக்குக் கூப்பிடுவாள் எண்டு ரெண்டு வருஷமாய் வழி பாக்கிறான். சிஞ்ஞோரா கையெழுத்து வைக்காட்டி உனக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை. உனக்கு இல்லையெண்டால் அவன் அங்கையே கிடந்து உக்க வேண்டியதுதான். அவன் வாறதும் வராததும் அந்தப் பொம்பிளையின்ர பேனையிலை நிக்குது. நீ ரோசம் பாக்கிறாய்.

— ரோசம் இல்லை, அக்கா.

— பின்னை என்ன கோதாரி?

— அந்தப் படியிலை இனி ஏற மாட்டன். அவ்வளவுதான்.

— அடிச்சவவோ?

— இல்லை.

— வேலையாள் ஆரும் கை வைச்சவனோ? மேசன் ஆரும்? சொல்லு, இப்பவே மேலை போய் அவன்ர கரண்டியாலை அவன்ர மூஞ்சியைப் பூசிவிடுறன்.

— அப்பிடி ஒண்டும் இல்லை. விடுங்கோ.

— சாப்பாடு குடுக்கிறவவோ?

— குடுக்கிறா. என்ர அறையிலை சீமெந்து அடுக்கியிருக்கு. மூண்டு கிழமையாய்க் குசினி நிலத்திலைதான் படுக்கை. அதுக்கும் நான் வாய் திறக்கேல்லை.

— அதுக்குத்தான் இந்தக் கோவமோ? நான் முதல் மூண்டு வருஷம் படிக்கட்டுக்குக் கீழை படுத்தனான். காலை நீட்டினால் கதவு திறபடாது. அதைச் சொல்லி எல்லாரும் சிரிச்சவை, நானும் சேர்ந்து சிரிச்சனான்.

— நீங்கள் சிரிச்சனீங்கள் எண்டு நானும் சிரிக்கோணுமோ?

— ஆ, வாய் இருக்கு! அந்த வாயை மேலை கொண்டுபோய்ப் பாவி. கேள், ஞானம், பிழை என்ரதும்தான். வியாழக்கிழமை ரெலிபோன் எடுத்தனான். “வேலையாய் நிக்கிறாள்” எண்டு சொல்லி சிஞ்ஞோரா வைச்சிட்டா. உன்னோடை கதைச்சிருந்தால், பூ வைக்கப் போறாய் எண்டு தெரிஞ்சிருந்தால், அண்டைக்கே நிப்பாட்டியிருப்பன். பதினாலு மாசமாய் உன்னை இந்த வீட்டிலை விட்டுவைச்சிட்டு அந்தப் பூவைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதை அவவிட்டையும் சொல்லிப்போட்டன். “என்னிலைதான் பிழை, அவளுக்குத் தெரியாது” எண்டு.

— அப்பிடிச் சொன்னனீங்களோ?

— அவவின்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு சொன்னனான்.

— ஏன் சொன்னனீங்கள்? உங்களை ஆர் சொல்லச் சொன்னது?

— இது நல்ல ஞாயம்! உனக்காக ஒருத்தியின்ர கையைப் பிடிச்சதுக்கு நீ என்னிலை பாயிறியோ?

— எனக்குத் தெரியாது எண்டு ஏன் சொன்னனீங்கள்?

— தெரிஞ்சால் வைச்சிருப்பியே?

— போன நவம்பரும் நான் இந்த வீட்டிலைதான் நிண்டனான், அக்கா. அவவின்ர தாயின்ர கல்லறைக்கு ஆர் பூ கொண்டுபோனது எண்டு நினைக்கிறியள்?

— என்ன சொல்லுறாய்?

— ரெண்டு கட்டுப் பூ. தண்ணி ஒழுகிக் கார் ஊத்தையாகும் எண்டு அவ காரிலை போனா, நான் பஸ்ஸிலை மடியிலை வைச்சுக்கொண்டு போனன். கல்லை உரஞ்சிக் கழுவி, பூவை நான்தான் அடுக்கினனான். உயரமானதை நடுவிலை வை, கட்டையானதைச் சுத்தி வை எண்டு அவதான் பழக்கினவ.

— அப்ப உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சுகொண்டோ? அடி பாவி! வருத்தக்கார மனிசன்ர கட்டிலடியிலை! அந்தாள் உனக்கு என்ன செய்தவர்?

— ஒண்டும் செய்யேல்லை. நல்ல மனிசன்.

— நல்ல மனிசனுக்கோ சாவுப் பூ வைச்சனீ? நான் மேலை நிண்டு அந்தப் பொம்பிளையின்ர கையைப் பிடிச்சுப் பொய் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். நாளைக்குப் பூசைக்கு முதல் பாவசங்கீர்த்தனம் செய்யோணும், உன்ர பாவத்துக்கும் சேர்த்து. “தமிழரை வீட்டுக்குள்ளை எடுத்தால் பூ வைச்சுச் சாபம் போடுவாங்கள்” எண்டு பொலிதேயாமாப் பக்கம் முழுக்கக் கதை போகும். இனி எங்கட பிள்ளையளை ஆர் வேலைக்கு எடுக்கும்? தங்கச்சிக்காரி என்னையும் நாளைக்குக் கலைப்பா. எத்தினை பேரின்ர சோத்திலை மண் போட்டனீ தெரியுமோ?

— தெரியும்.

— எல்லாம் தெரியும் உனக்கு! அந்தா பஸ் வருகுது. ஏறு. எங்கையெண்டாலும் போய்த் துலை. என்ர வீட்டுக் கதவு உனக்குத் திறபடாது.

— சரி. போறன்.

— நில்! கால் வைக்க முதல் ஒண்டு சொல்லிப்போட்டு ஏறு. அந்த மனிசன் சாகோணும் எண்டு ஏன் நினைச்சனீ?

— நினைக்கேல்லை. அவருக்கு வைக்கேல்லை, அக்கா.

— பின்னை ஆருக்கு?

— விக்னராஜாவுக்கு. செவ்வாய்க்கிழமை கொழும்பாலை ரெலிபோன் வந்தது, ஆளை எரிச்சும் போட்டினமாம். சிஞ்ஞோராவிட்டைச் சொன்னனான். அழுறதெண்டால் சனிக்கிழமைக்குப் பிறகு அழு எண்டா.