பூட்டிய அறைக்குச் சோறு

எனக்குப் பேய்க்கதைகள் பிடிக்காது. பயம் ஒன்றும் இல்லை. வேலை சுத்தமாக இருக்காது, அவ்வளவுதான்.

எந்தக் கதையை எடுத்தாலும் ஒரு பழைய வீடு, அதில் ஒரு பூட்டிய அறை, செத்துப்போன மனைவி ஒருத்தி, அவள் பேச்சை எடுத்தால் முகம் கறுக்கிற கிழவன் ஒருவன். காற்றடிக்கும், விளக்கு அணையும். எல்லாம் நடுராத்திரியில்தான். பகலில் அந்தப் பேய்கள் எந்த ஆபீசுக்கு வேலைக்குப் போகின்றன என்று ஒருத்தரும் எழுதுவதில்லை. பொய் சொல்வது ஒரு தொழில். அதைப் பழகாமலே செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இளப்பமாகத்தான் இருக்கிறது.

என் பெயர் ராசப்பன். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்காரன். வயது எழுபத்து மூன்று. மிளகும் மரவள்ளியும் பிழைப்புக்கு, பொய் பொழுதுபோக்குக்கு. செம்மேட்டு டீக்கடையில் நான் வாயைத் திறந்தால் பஸ் டிரைவர் ஐந்து நிமிஷம் தாமதமாகத்தான் வண்டியை எடுப்பார். எங்கள் தோட்டத்துப் பலாப்பழம் ஒன்று காம்பறுந்து ரோட்டில் விழுந்து, எழுபது கொண்டை ஊசி வளைவையும் தானாகவே திரும்பி, எதிரே ஏறி வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு, அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் போய் நின்றதை நான் சொல்லும்போது என் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடியாது. சிரிப்பது கேட்கிறவன் வேலை.

என் மனைவி பெருமாயிக்கு அந்த வேலை வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் பழத்தை ஐம்பதாவது வளைவுவரை கொண்டுவந்திருப்பேன், அடுப்படியிலிருந்து குரல் வரும். "ரெண்டாவது வளைவுலயே ஒடஞ்சு போச்சுங்க. பாதியக் கொரங்கு தின்னுச்சு." கோபமாகச் சொல்ல மாட்டாள். உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரல். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என் கதைக்கு அல்ல. நாற்பத்தாறு வருஷம் இது நடந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

சொல்ல வந்தது மைதிலியைப் பற்றி. துணை சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக வந்த பெண், மன்னார்குடிப் பக்கம். போன வருஷம் என் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தாள். அவளை இந்த மலையிலிருந்து இறக்கி அனுப்பியது நான்தான். அவளாகவே மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள் என்று ஊரில் நினைக்கிறார்கள். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். ஒரு வேலையை நன்றாகச் செய்தவனுக்கு அந்தப் பேராவது சேர வேண்டாமா.

கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். அவள் ஊசி போட்டால் வலிக்காது. ஆனால் சோறு பொங்கும்போதும் துணி துவைக்கும்போதும் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு போனில் பேய்க்கதை கேட்பாள். வந்த மூன்றாம் நாளே என் சாமான் அறையைக் காட்டிக் கேட்டாள்.

"ஐயா, அந்த ரூம் ஏன் பூட்டியே இருக்கு?"

"தெறந்து வெச்சா எலி வருதுங்க அம்மணி."

"அவ்வளவுதானா?" என்றாள். குரலில் அப்படி ஒரு ஏமாற்றம். அதை மனதில் குறித்துவைத்துக்கொண்டேன்.

அவள் பூட்டிய அறையோடு நின்றிருந்தால் நானும் என் மிளகைக் காயவைத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஐப்பசியில் ஒரு மத்தியானம், என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துக்கொண்டே, வேறு ஒன்றைக் கேட்டாள்.

"பெருமாயி அம்மாவுக்காகப் பூக் கேட்டீங்களாமே. அன்னைக்கு எந்தப் பூ வந்துச்சு?"

"செவப்புங்க," என்றேன். கருவியில் நூற்று முப்பதுதான் காட்டியது. அதிலும் அவளுக்கு ஏமாற்றம்.

பூக் கேட்பது எங்கள் வழக்கம். யாரையாவது மலையை விட்டுக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் முதலில் அம்மனிடம் உத்தரவு கேட்போம். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் முன்னால் வைக்க வேண்டும். வீட்டுக்கு மூத்தவன் தனியாக உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பான். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் ஆளை அசைக்கக் கூடாது. வெளியே நிற்கிறவர்கள் பூவைக் காட்டு என்று கேட்க மாட்டார்கள், அது அம்மனைச் சந்தேகப்படுவதாகிவிடும். எடுக்காத பொட்டலம் பிரிக்காமல் அம்மன் காலடியிலேயே கிடக்கும். அதைப் பிரிப்பது பெரிய குற்றம்.

அத்தாயி பிரித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, பெருமாயிக்குத் தங்கை முறை. மறுநாள் காலையில் கோயில் கூட்டப் போனவள், அக்காள் மேல் இருந்த பாசத்தில் காலடியில் கிடந்த பொட்டலத்தைத் தொட்டிருக்கிறாள். உள்ளே சிவப்பு. மிஞ்சியது சிவப்பு என்றால் வந்தது எது என்று சொல்ல நர்ஸ் படிப்பு வேண்டியதில்லை. பிரித்ததே குற்றம் என்பதால் ஒன்றரை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு சர்க்கரை மாத்திரை வாங்கப் போன இடத்தில் மைதிலியிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்.

ஆக, மைதிலியின் கையில் ஒரே ஒரு உண்மை இருந்தது. அரளிப்பூ அளவுதான். அதைக் கொண்டுபோய் அவள் நாலு பேரிடம் கேட்டால் என் கதை முடிந்தது. அவளை மிரட்டலாம், கெஞ்சலாம். இரண்டும் தொழில் தெரியாதவர்கள் செய்வது. நான் அவளுக்கு அவள் கேட்டுப் பழகிய கதையைக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, சாமான் அறையைத் திறந்து உள்ளே போவேன். கதவைச் சாத்திக்கொள்வேன். கொஞ்ச நேரம் கழித்துக் காலித் தட்டோடு வெளியே வந்து பூட்டுவேன். உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது தின்றது போக மிச்சத்தைச் சன்னல் வழியாக மற்ற கோழிகளுக்குப் போட்டுவிடுவேன். செவ்வாய்க்கிழமை தோறும் பெருமாயியின் சேலை ஒன்றை நனைத்துக் கொடியில் போட்டேன். ஒருநாள் மைதிலி காதில் விழும்படி கதவுக்கு உள்ளே பார்த்து, "இன்னைக்காவது மிச்சம் வெக்காம தின்னுட்டியே" என்றேன். கோழியிடம்தான் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவள் மெலிந்துபோனாள். அரளிப்பூவை மறந்தே போனாள். எங்கேயாவது எதிரில் வந்தால் என் கையில் இருக்கும் தட்டைத்தான் பார்ப்பாள்.

"ஐயா, அன்னைக்கு அவங்களைப் புதைச்சப்ப முகத்தை எல்லாரும் பாத்தாங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பாத்தாங்கன்னுதான் ஊரு சொல்லுதுங்க," என்றேன். அப்புறம் பெருமூச்சு ஒன்று விட்டேன். அந்தப் பெருமூச்சு கொஞ்சம் மட்டமான வேலை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கு அது போதும்.

பதினைந்தாம் நாள் வி.ஏ.ஓ. ஜான்பீட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லால்குடிக்காரர். மலையேறியதிலிருந்து எப்போது கீழே இறங்கலாம் என்பதைத் தவிர வேறு யோசனை இல்லாத மனுஷன். கூடவே ஊர்ப் பையன் கார்த்தியும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். சத்தம் கேட்டு அத்தாயியும் வந்தாள். நல்ல வெயில்.

"சார், பெருமாயி அம்மா சாகலை," என்றாள் மைதிலி. "அந்த ரூம்ல அடைச்சு வெச்சிருக்கார். தினமும் சோறு போகுது. நான் என் கண்ணால பாத்தேன்."

அத்தாயிதான் முன்னால் வந்தாள்.

"ஏன் கண்ணு, நாந்தானே எங்கக்காளக் குளிப்பாட்டி, சீலை கட்டி, வாய்க்கரிசி போட்டு அனுப்புனேன். அப்ப நான் என்ன, பொணத்துக்கும் பொம்பளைக்கும் வித்தியாசம் தெரியாதவளா?"

"இல்லீங்கம்மா, உங்களையும் ஏமாத்தியிருக்கலாம்…"

"என்னைய ஏமாத்துனாரா. அப்ப நான் குளிப்பாட்டுனது ஆரைங்கறேன்?"

நான் சாவியைத் தேடினேன். சாவி இடுப்பில்தான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் தேடினேன். கதவைத் திறந்ததும் அடைக்கோழி எல்லாரையும் பார்த்து ஒரு அதட்டுப் போட்டது. தினை மூட்டை, மண்வெட்டி, கிழிந்த படுதா, ஒரு தகரப் பெட்டி. மைதிலி விடவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். பெருமாயி எழுதிவைத்த கடைசிக் கடிதமாக அது இருக்க வேண்டும் என்று அவள் முகம் கெஞ்சியது. ஜான்பீட்டர் வாங்கிப் பிரித்தார். மிக்ஸியின் வாரண்டி அட்டை.

"சிஸ்டர், வாரண்டி முடிஞ்சு நாலு வருஷமாச்சு," என்றார். கார்த்தி சிரித்து இருமி உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் அவளுக்குப் புத்தி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க, இது என் தப்பு. ஆனா அந்தப் பூ? அத்தாயி அம்மா, அந்தப் பொட்டலத்தைப் பத்திச் சொல்லுங்க," என்றாள்.

அத்தாயி என்னைப் பார்த்தாள். பிறகு ஊரைப் பார்த்தாள். "எந்தப் பொட்டலம்? கண்ட கதையெல்லாங் கேட்டுப்போட்டு என்னைய எதுக்கு அம்மணி இழுக்கிறே," என்று சொல்லி முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மைதிலி என்ன சொன்னாலும் ஊர் கோழியைப் பற்றித்தான் பேசியது. தடுப்பூசி போடப் போன வீட்டில் பெண்கள் "எங்க வீட்டுப் பெட்டியையும் தொறந்து பாக்குறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் மாற்றல் வந்தது. போகிற அன்று என்னிடம் வந்து, "உங்களைப் போய்க் கொலைகாரன்னு நெனைச்சுட்டேன், மன்னிச்சிடுங்க ஐயா," என்றாள். மன்னித்தேன். கால் கிலோ மிளகு கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். இவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கேட்கிற ஜனங்களை வைத்துக்கொண்டு கதைக்காரனுக்கு என்ன கஷ்டம்.

அரளிப்பூ விஷயம் பாக்கி இருக்கிறது.

ஒரு காலையில் பெருமாயிக்கு வாய் கோணிக்கொண்டது. வலது கை விழுந்துவிட்டது. நினைவு இருந்தது, கண் என்னைப் பார்த்தது, பேச்சு மட்டும் இல்லை. கார்த்தி நூற்றெட்டுக்குப் போன் போட்டான். கட்டிலைக் கவிழ்த்துக் கம்பு கட்டி, ரோடுவரை தூக்கிப்போக நாலு பேரோடு வந்து நின்றான். வண்டியில் வந்துகொண்டிருந்தவர் போனில் என்னிடம் நிதானமாகத்தான் பேசினார். நாலு மணி நேரத்துக்குள் கீழே சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், பேச்சுகூடத் திரும்பிவிடலாம் என்றார்.

பேச்சு திரும்பும் என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் கோயிலுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வெள்ளை. பூவை மடியில் முடிந்துகொண்டு வெளியே வந்து சிவப்பு என்றேன். கார்த்தி தலையில் இருந்த துண்டை அவிழ்த்தான். கட்டிலைத் திரும்ப நிமிர்த்திப் போட்டார்கள். ரோட்டில் நின்ற வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒன்பது நாள் இருந்தாள். நான் ஒரு வேலைக்கும் போகவில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த கதைகள் அத்தனையையும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். இடையில் வாயசைத்து ஏதோ சொல்லப் பார்த்தாள், கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துவிட்டு மேலே சொன்னேன். எங்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவளுக்கு என் கதைகள் என்றால் உயிர். அந்த ஒன்பது நாளும் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.