சிங்கப்பூர்ச் செங்கல்

எண்ணுங்க போஸ்ட்மாஸ்டர் சார், ஒண்ணொண்ணா எண்ணுங்க. பார்சல் கிழிஞ்சு வந்தா ஆள் முன்னாடி பிரிச்சுப் பார்த்துத்தான் கொடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு அவசரமில்ல. இன்னிக்குக் காலேஜுக்கு மட்டம்.

ஆமா, சுராயா நான்தான். அனுப்புனது எங்க அத்தா, அப்பாதான் சார், சிங்கப்பூர்லேர்ந்து. சிரிக்காதீங்க. பத்தொம்பது வயசு, பி.ஏ. ரெண்டாம் வருஷம். அவருக்கு நான் இன்னும் பிளாஸ்டிக் செங்கல் அடுக்குற பாப்பா. என்னது, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கட்டடமா? கட்டுன வீட்ல அடுப்படியில நின்னு வேகுறது யாரு சார், கொத்தனாரா?

விளையாட்டுச் சாமான்தானேன்னு தள்ளிடாதீங்க. இது மூணாவது பெட்டி. முதல் பெட்டி வந்தப்ப எனக்கு ஏழு வயசு, அவரு கப்பலேறி ஒரு வருஷம். அந்தக் கட்டை உள்ளே வெறும் கூடு. பக்கத்துல ஒரு கீறல், அதுல ஜன்னல் சொருகலாம். மேல குமிழ் இருக்கும், பிடிப்பு இருக்காது. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் கட்டிட்டேன்னு கூப்பிட்டா, அம்மா வர்றதுக்குள்ள சரிஞ்சிடும்.

ரெண்டாவது அறுபத்தொண்ணுல. உள்ளே குழாய் வெச்சுட்டான். டக்குன்னு கவ்வும், தலைகீழாத் தூக்குனாலும் விழாது. பதினாலு வயசுல யாரோட விளையாடறது? தனியா உக்காந்து ஒரு வீடு கட்டி, அதுல அத்தாவுக்குன்னு ஒரு ரூம் வெச்சேன். அம்மா அதை பீரோ மேல வெச்சு இன்னும் தினம் தூசி தட்டுறாங்க. அடுத்த பெருநாளைக்கு வந்துடுவாரு, பாவம், அங்க ஒண்டியாப் பொங்கித் தின்னுக்கிட்டுக் கெடக்காருன்னு பேச்சு. பதிமூணு வருஷமா இதே பேச்சு.

இப்ப பாருங்க, சக்கரமே வந்துடுச்சு. காரு, வண்டி எல்லாம் பண்ணலாம்.

நூத்திப் பதினாறா? சரியாத்தான் இருக்கு. கையெழுத்தா? இருங்க. அந்த நீலக் கட்டைய வெளிச்சத்துல பிடிங்க. இதெல்லாம் கவ்வுற கவ்வுக்குச் சின்னப் பிள்ளைங்க கையால பிரிக்க முடியாது, கடிச்சுத்தான் இழுக்கும். ஓரத்துல தெரியுதா, நாலு பல்லு? பால்பல்லு சார். இந்தச் சிவப்புலயும் இருக்கு.

பழசா வாங்கியிருப்பாரா? நானும் அப்படித்தான் வாதாடலாம்னு பார்த்தேன். மூடிக்கு உள்பக்கம் பேர் எழுதியிருக்கு. நஜ்முன்னிசா. எழுத்து எங்க அத்தாவோடது.

வாங்கலைன்னு எழுதி அனுப்புனவருக்கே திருப்பிடுங்க. தபால்காரர் எங்க அம்மாகிட்ட வாய் விட வேணாம், அது மட்டும் சொல்லிடுங்க.

கோவத்துல இல்ல சார். அந்தப் பிள்ளை தேடும்.