ஸ்ட்ரெச்சரைப் பூட்டியது நான்தான்

மருத்துவமனை மேலாளர் கொடுத்த புகாரின் பேரில், பெண்கள் வார்டு ஏழாம் எண் கட்டிலில் வைத்துக் காவல் உதவி ஆய்வாளர் விசாரிக்க, முழு நினைவோடு நான் சொல்வதாவது: லிஃப்ட் அக்கா என்றால்தான் வேலையிடத்திலும் தெருவிலும் என்னைத் தெரியும், அப்படியே எழுதிக்கொள்ளலாம். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தோரு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். குடியிருப்பது பேருந்துப் பணிமனைக்குப் பின் தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில். அய்யா சிரிக்க வேண்டாம், எழுதுங்கள்.

இரண்டு மாதம் முன்பு எனக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. அதன் பிறகு எடுத்த ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் பட்டாணி அளவில் கட்டி இருப்பது தெரிந்தது. அதன் பிறகு மயக்க மருந்து டாக்டரம்மா என்னை உட்காரவைத்து இரண்டு வழி சொன்னார். அரைமயக்கம் என்றால் நானே மூச்சு விடுவேன், பேச்சு காதில் விழலாம், ஆனால் இருமினாலோ அசைந்தாலோ கருவி பட்டுச் சிறுநீர்ப்பை கிழியலாம். முழு மயக்கம் என்றால் தொண்டையில் குழாய் வைத்து இயந்திரம் மூச்சு கொடுக்கும், அசைவு இருக்காது, ஆனால் என் நுரையீரல் ஆஸ்துமாவில் அடிபட்டது, குழாயை எடுக்க நாளாகலாம். “கட்டி சின்னதுதான், ரெண்டுல எதையும் செய்யலாம். நீங்கதாம்மா சொல்லணும்” என்றார்.

என் கணவர் வாயில் குழாயோடு பதினோரு நாள் கிடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஏதோ சொல்ல வந்தார், சொல்லாமலே போய்விட்டார். எனவே ஒரு நாள் யோசித்து, அரைமயக்கம் போதும் என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கிழியலாம் என்பதும் தெரிந்துதான் போட்டேன்.

அதன் பிறகு நேற்று காலை ஒன்பது மணிக்கு என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை கொண்டுபோனார்கள். அங்கே நர்ஸ் கோப்பைப் பார்த்து, “முழு மயக்கம், தம்பி கையெழுத்துப் போட்டிருக்காரு” என்று வாசித்தார். தம்பி அங்கேயேதான் நின்றான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அக்கா மனசு மாறிவிட்டாள் என்று சொல்லி வேறு படிவம் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஏன்டா என்றதற்கு, “உள்ள டாக்டருங்க ஏதாவது பேசிக்குவாங்க. அது உன் காதுல விழ வேணாம்னுதான்க்கா” என்றான்.

என் வீட்டில் எல்லோரும் மூன்று வாரமாக அந்தக் கட்டியைச் சதை வளர்ச்சி என்றே சொல்லிவந்தார்கள். “புத்துநோய்னு ரிப்போர்ட் மூணு வாரம் முன்னாடியே என் போனுக்கும் வந்துருச்சு. வாய மூடிக்கிட்டு உங்க நாடகத்தப் பார்த்துட்டு இருந்தேன்” என்றேன். அவன் முகம் செத்துப்போனது.

முழு மயக்கம் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். “எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா, பேசாம படுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர் மெயினை அணைத்து, சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னோடு கொண்டுபோவார். மேலே நிற்பவர் முதலாளியே ஆனாலும் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. என் ரிப்போர்ட்டுகள் இருந்தது வேலைப் பையில், பை இருந்தது வண்டியின் கீழ்த்தட்டில். அதிலிருந்து சங்கிலியையும் என் பூட்டையும் எடுத்து வண்டிக் கம்பியையும் சுவர்க் கைப்பிடியையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டேன். தம்பி போட்ட படிவத்தை நாலாகக் கிழித்ததும் நான்தான். நர்ஸைத் தள்ளினேன் என்று புகாரில் எழுதியிருப்பது பச்சைப் பொய்.

முப்பத்தைந்து நிமிடம் வழி அடைபட்டது உண்மை. எனக்குப் பின்னால் குடலிறக்கத்துக்காகப் பசியோடு காத்திருந்த பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வேறு யாரிடமும் கேட்பதாக இல்லை. அதன் பிறகு டாக்டரம்மா வந்து, என்னையே கேட்டு, புதுப் படிவத்தில் என் கையெழுத்தை வாங்கினார். நானே பூட்டைத் திறந்தேன்.

உள்ளே பாதித் தூக்கத்தில் “இங்க இன்னொண்ணு இருக்கு” என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னது கேட்டது. இருமல் வந்தது, பல்லைக் கடித்து அடக்கினேன். அதன் பிறகு வார்டில் அவர் தம்பியை வெளியே கூப்பிட்டார். “வெளிய வேணாம் டாக்டர், என்கிட்ட சொல்லுங்க. ரெண்டாவதையும் எடுத்தாச்சா?” என்றேன். அவர் திரும்பி வந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எடுத்ததையும் இனி செய்ய வேண்டியதையும் என்னிடமே சொன்னார். தம்பி நின்றுகொண்டே கேட்டான்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. வலது கையில் டிரிப்ஸ் ஏறுவதால் எனக்குப் பதிலாகக் கையெழுத்திடத் தம்பி பேனாவை வாங்கினான். அவனிடமிருந்து பிடுங்கி, கோணலாக இருந்தாலும் இடது கையால் நானே போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)