கொள்ளுக்குள் எள்

வாங்க டாக்டரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். இப்படிக் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். முறுக்கு இன்று காலையில் சுட்டதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்க வந்ததாக வாசலிலேயே சொல்லிவிட்டீர்கள். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன், ஃபஹீமா கண்ணு. எனக்குக் கதையைத் தவிர வேறு எப்படியும் சொல்ல வராது.

என் ஜெனிதா பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ. அவளுக்கு நான்கு வயதாகும்போது அவள் அப்பா சத்தியசீலன், ரயில்வேயில் இருந்தவர், மாரடைப்பில் போய்விட்டார். அதற்கப்புறம் இந்தப் போத்தனூர் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பிள்ளை சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், அவளுக்காகக் கதை கட்டப் பழகினேன்.

தொண்டாமுத்தூரில் ஒரு வாழைத்தோட்டம். மலையை விட்டு ஒரு யானைக்குட்டி அதற்குள் இறங்கிவிட்டது. அது ஒரு சீப்பைத் தின்றால் இவள் ஒரு வாய் வாங்கிக்கொள்வாள். தட்டு காலியானால் இன்னும் ஒரு கரண்டி போட்டு, நான் அடுத்த தோட்டத்தின் வேலியைத் திறந்துவிடுவேன். குட்டி மலைக்குத் திரும்பியதா என்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை. முடிவு தெரிந்துவிட்டால் எழுந்து போய்விடுவாள்.

முப்பத்து மூன்று வயதில் அவள் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பம்புசெட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை. வேலையை விட்டால் வீடு. பெண் பார்க்க இரண்டு வீட்டார் வந்தார்கள். காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். ஜெனிதா அழுதாள். நான் அவளுக்கு வெல்லமும் பருப்பும் வைத்து ஒப்புட்டு சுட்டுக் கொடுத்தேன். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏற அவள் மூன்று இடத்தில் நிற்பாள். நானும் கூட நின்று முதுகைத் தடவிக் கொடுப்பேன். ஒருநாள் மூன்றாவது இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே, “போதும்மா, எனக்கே என்னையச் சொமக்க முடியல” என்றாள். அடுத்த வாரம் உங்கள் ஆஸ்பத்திரியில் புது மருந்துச் சோதனைக்குப் பெயர் கொடுத்தாள்.

நீங்கள் எவ்வளவு பொறுமையாக விளக்கினீர்கள். “ஒரு தலமுடிய நெடுக ஆயிரமாப் பொளந்தா ஒரு கீத்து எவ்வளவோ, இந்த நானோத் துகள் அவ்வளவுதானுங்கம்மா. கொழுப்பு எங்க இருக்குதோ அங்க மட்டும் போயி ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டு மெல்லக் கரைக்கும்.”

“சக்கரை டப்பாவுல எறும்பாட்டம்னு சொல்லுங்க” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். “ஊசி போட்ட அன்னைக்கும், அதுக்கு அடுத்த மூணு நாளும் எண்ணெ, நெய் ஆகவே ஆகாதுங்கம்மா. கரையற கொழுப்பு ரத்தத்துலதான் ஓடியாகோணும். ரொம்பிப் போற வாய்க்கால்ல இன்னும் தண்ணியத் தொறந்துவிட்டா கரை ஒடையுமல்லங்க? அப்படி வயித்துக்குள்ள கணையம் கெட்டுப்போயிரும். உசுருக்கே ஆபத்து.”

எனக்கு நன்றாகப் புரிந்தது. கொள்ளு கொடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றீர்கள். சாப்பாட்டு நோட்டை எழுதும் வேலையை ஜெனிதா என்னிடம் விட்டாள். என் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாக நீங்களும் மெச்சினீர்கள். முறுக்கு அப்படியே இருக்கிறதே. எடுங்கள் கண்ணு.

பதினோரு ஊசியில் இருபத்திரண்டு கிலோ இறங்கியது. ஒருநாள் மேம்பாலத்தில் அவள் எங்கேயும் நிற்காமல் ஏறிவிட்டாள். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தாள். “என்னம்மா, கூட்ஸ் வண்டியாட்டம் வர்றே! நான் எக்ஸ்பிரஸ் ஆயிட்டேன், பாத்தியா?” படியில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு மூன்று இடத்தில் நின்றது நான்தான். என் முதுகைத் தடவ யாரும் இல்லை.

அந்த வாரமே சொன்னாள். “புனே ஆபீசுல எடம் இருக்குதாம்மா. ஜூன்ல போலாம்னு இருக்கறேன்.”

“செரி, நானும் வாரேன். பாத்திரமெல்லாம் கட்டோணும்.”

“நீ வேண்டாம்மா. ஒருக்காத் தனியா இருந்து பாக்கறேனே. கோவிச்சுக்காத.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். என் பிள்ளை இளைத்துவிட்டாள், நான் இன்னும் கொள்ளையே கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. பெற்றவளுக்குத் தோன்றக்கூடியதுதானே?

கொள்ளுக்கு ஒரு குணம் உண்டு. அதன் வாசம் எதையும் மூடிவிடும். வேகவைத்த கொள்ளில் பூண்டைத் தட்டிப் போட்டு, வறுத்து அரைத்த எள்ளையும் நல்லெண்ணெயையும் விட்டுச் சூட்டோடு மத்தால் கடைந்தால், ஒரு சொட்டு மேலே நிற்காது. முதலில் மற்ற நாட்களில் கலந்து பார்த்தேன். எடை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஊசி போட்ட நாட்களில் கலந்தபோதுதான் நின்றது. அதன்பின் அந்த நாட்களில் மட்டும் கலந்தேன். நோட்டில் கொள்ளு என்று மட்டும் எழுதினேன். அது பொய்யும் இல்லை.

நீங்கள் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினீர்கள். “ஏனுங்கம்மா, சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்தமுங்களா?”

“எழுதியிருக்கறதுதானுங்க கண்ணு” என்றேன். நம்பினீர்கள். நம்பித்தான் மருந்தின் அளவைக் கூட்டினீர்கள். ஏன் கூட்டினீர்கள் என்று இப்போது விசாரணைக் குழுவில் உங்களைக் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை ஊசி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாள். “இன்னுங் கொஞ்சம் போடும்மா, இன்னைக்கு என்னமோ ருசியா இருக்குது” என்றாள். எத்தனை மாதமாயிற்று அவள் அப்படிக் கேட்டு. இரண்டு கரண்டி போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி. முதுகுவரை இழுத்தது. உங்கள் நம்பர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. “டாக்டரக் கூப்பிடும்மா” என்றாள். போனைக் காதில் வைத்துவிட்டு, “எடுக்கலியே கண்ணு” என்றேன். நான் பட்டனை அழுத்தவே இல்லை. அழுத்தினால் வருவீர்கள், ரத்தம் எடுப்பீர்கள். எல்லாம் தெரிந்துபோகும், அவள் ஜூனில் போய்விடுவாள். சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். எத்தனையோ வருடம் கழித்து. யானைக்குட்டிக் கதையை அவளேதான் கேட்டாள். சொன்னேன். வேர்வையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னேன். “அது கடைசில மலைக்குப் போச்சாம்மா?” என்றாள்.

“போகல சாமி. தோட்டத்துலயே இருந்துக்கிச்சு.”

அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய் மத்தியானம் கூப்பிட்டும் கண் திறக்காதபோதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தீர்கள். அது உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு அது ஒன்றுதான் மறப்பதில்லை. அவள் மூச்சு அடங்கியபின், எடுத்த ரத்தம் பாலைப்போல் வெள்ளையாக இருந்தது என்று நீங்கள் அழுதீர்கள். நான் உங்கள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

உக்கடத்து முஜீப் பாயைப் போன மாதம் பார்த்தேன். நூற்று அறுபது கிலோவோடு உங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். நெற்றி தரையில் படத் தொழவேண்டும், அது போதும் என்பார். எல்லாருக்குமே ஊசியை நிறுத்திவிட்டார்களாம். “நம்ம கொடுப்பினை அவ்வளவுதானுங்கம்மா” என்றார். என் மகளுக்காக துவா செய்வதாகவும் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டாம். மருந்து நல்ல மருந்து. எள்ளைக் கலந்தது நான், நோட்டில் மறைத்தது நான், ஒரு பகலும் ஓர் இரவும் போனைத் தொடாமல் வைத்திருந்தது நான். தாளைக் கொடுங்கள், என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அவளைக் கொல்ல நினைக்கவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். கொஞ்ச நாள் நிறுத்திவைக்கத்தான் பார்த்தேன்.

அதற்குள் எழுந்துவிட்டீர்களே. முறுக்கைத் தொடவே இல்லை. காகிதத்தில் சுற்றித் தருகிறேன், உங்கள் மகள் நிலோஃபருக்குக் கொண்டுபோங்கள். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றீர்களே, யானைக்குட்டிக் கதையைச் சொல்லி ஊட்டுங்கள், தின்பாள். உங்கள் வீட்டில் சட்டி என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும். நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளை எத்தனை வயதானாலும் உங்கள் கைச்சோற்றையே தின்று, உங்கள் மடியை விட்டு இறங்காமல் இருக்கட்டும், கண்ணு.