காட்டன் வேணாம்மா

அந்த காட்டன் சட்டைய வச்சிடும்மா. தொட்டா மெத்துன்னு இருக்கும், வீட்டுல போட்டுக்க. மலை ஏற அது ஆகாது. வேர்வையக் குடிச்சிட்டு ஒடம்போட ஒட்டிக்கும், லேசுல காயாது. மேல காத்து அடிச்சா பல்லு தந்தி அடிக்கும். இந்தா, வழவழன்னு இருக்குல்ல, இதப் போட்டுப் பாரு. கலர் புடிக்கலையா? மலைல உன்ன யாரு பொண்ணு பாக்க வரப்போறாங்க? அதான் நிச்சயமே முடிஞ்சிடுச்சே.

சிரி, சிரி.

ஷூ மாட்டிட்டியா? எந்திரிச்சு நில்லு. விரலு முன்னால முட்டுதா? ஏறும்போது ஒண்ணும் தெரியாது, எறங்கும்போது நகம் கழண்டுடும். ஏங்க கடைக்காரரே, இதுலயே ஒரு சைஸ் பெருசு எடுங்க. தடி சாக்ஸும் குடுங்க, அதோட போட்டாத்தான் அளவு தெரியும்.

நானா? மாடி ஏறுனாலே மூச்சு வாங்குது, நான் எங்க மலை ஏற? எல்லாம் படிச்சுத் தெரிஞ்சுகிட்டதுதான். ரொம்ப நாளா வேற எதுவும் படிக்கத் தோணல.

மழைக்கோட்டு கண்டிப்பா வேணும். ஒரு நாள் நடைக்கு எதுக்குங்கறியா? சாயங்காலம் திரும்பிடுவோம்னுதான் எல்லாரும் கெளம்புறாங்க. வெயில் கொளுத்துனாலும் பையில கெடக்கட்டும். அவரு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.

ஏன் அப்படிப் பாக்குற? ஆமா, அவருன்னுதான் சொல்றேன். அண்ணன் மகனா இருந்தா அவன் இவன்னு வாயில வரும். அத்தைன்னு சொல்லி விட்டாரா, நீ அவங்கப்பா கூடப் பொறந்த அத்தைன்னு நெனச்சிட்ட. நான் பொண்ணு குடுத்த அத்தைம்மா.

மொத சம்சாரம் தவறிட்டான்னு சொல்லியிருப்பாரே? எப்படின்னு சொல்லலையா? வாய் வந்திருக்காது. அதுக்கப்புறம் மலைப் பக்கமே போகல மனுஷன். இப்ப நீ ஆசப்பட்டுக் கேட்டேன்னு கெளம்புறாரு. சாமானெல்லாம் நான் வாங்கித் தர்றேன்னு நானாத்தான் கேட்டு வந்தேன்.

எம் பொண்ணு காட்டன் சட்டையிலதான் போனா. மத்தியானமா மழை புடிச்சுகிச்சு. நனைஞ்ச துணியோட நடக்கமாட்டாம ஒரு பாறை ஓரமா ஒக்காந்துட்டா. வேற ஒண்ணுமில்ல, குளுருதான். விழுந்த காயம்கூட இல்ல.

ஒக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா? எனக்கு ஒண்ணுமில்ல, அழுகையெல்லாம் இப்ப வர்றதில்ல.

அவரக் குத்தம் சொல்லமாட்டேன். இன்னைக்கும் எனக்கு மாத்திரை வாங்கிட்டு வர்றது அவருதான். நல்லவரு. நடைதான் வேகம். பின்னாலயே வர்றான்னு நெனச்சு அவகிட்ட பேசிகிட்டே போயிருக்காரு. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்.

போகவேணாம்னு சொல்லல. நல்லா போய்ட்டு வா. ஆனா அவரப் பின்னால வரச் சொல்லு. நீ முன்னால நட.